கோவாவும் தக்காளியும் மருந்தாகுமா?



இந்தப் பக்கத்தில் வழமையாக நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வரும் நோய்களைப் பற்றித்தான் பேசுவோம். இந்த மாதம் ஆண்களுக்கு மட்டுமே வரும் ஒரு நோயைப் பற்றி எழுதப் போகிறேன். பெண்கள் சஞ்சிகையில் இது எதற்கு என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் சட்டிக்குள் என்ன மரக்கறி போகிறது என்பதைத் தீர்மானிப்பது நாம்தான். வீட்டிலுள்ள ஆண் நோயில் விழுந்தால் அவரைக் கையில் பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களும் நாம்தான். யுத்தத்தில் பிள்ளைகளையும் சகோதரர்களையும் இழந்த பல குடும்பங்களில் இன்று மிஞ்சியிருப்பது வயதான ஒரு தகப்பனோ கணவனோ மட்டுமே. அந்த ஒரு துணையையும் காப்பாற்றிக்கொள்ள நமக்கு இந்த விடயம் தெரிந்திருக்க வேண்டும்.

புரொஸ்டேட் புற்றுநோய் என்பது அந்த நோயின் பெயர். பாடப் புத்தகங்களில் முன்னிற்குஞ் சுரப்பி என்று எழுதுவார்கள். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் ஒரு சுரப்பி அது. வயது போகப் போக அது பருக்கும். பருத்தால் நடுவே போகும் குழாயை நெரிக்கும். பெரும்பாலானோருக்கு இது வெறும் வீக்கம்தான், புற்றுநோய் அல்ல. ஆனால் சிலருக்கு அந்தச் சுரப்பியிலேயே புற்றுநோய் உண்டாகிறது. உலகளவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 14 இலட்சத்து 60 ஆயிரம் ஆண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான். இது தொற்றுநோய் அல்ல. தவறான நடத்தையால் வருவதும் அல்ல. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மரக்கறியில் என்ன இருக்கிறது?

நான் இருப்பது வட்டவளையில். நாட்டிலேயே அதிக மழை விழும் இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். சுற்றிவரத் தேயிலை மலைதான். ஆனாலும் லயத்து வாசலில் கிடைக்கும் கையகல நிலத்தில் கோவாவும் லீக்சும் ராபுவும் போடாத வீடு குறைவு. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் போனால் மலை மலையாக மரக்கறித் தோட்டங்கள். நீங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வாங்கும் கோவாவும் கரட்டும் பெரும்பாலும் இந்த மலைகளில் விளைந்து லொறியேறி வந்தவைதான்.

கோவா, பூக்கோவா, நோக்கோல், ராபு, புரோக்கோலி, கடுகு எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். இவற்றை நறுக்கும்போது மூக்கில் ஏறும் ஒரு காரம் இருக்கிறதல்லவா, அதற்குள்தான் விடயம் இருக்கிறது. பூச்சி கடித்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இந்தச் செடிகள் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. கந்தகம் கலந்த ஒரு பொருளை ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதியத்தை இன்னோர் அறையிலும் தனித்தனியே வைத்திருக்கின்றன. நாம் வெட்டும்போதும் மெல்லும்போதும் இரண்டும் கலந்து புதிய காரப் பொருட்கள் உண்டாகின்றன. அவற்றில் ஒன்று சல்போரபேன். 1992இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் போல் டலாலே என்ற விஞ்ஞானியின் குழு புரோக்கோலியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது. நச்சுப் பொருட்களை வெளியேற்றும் வேலையை உயிர்க்கலங்களில் இது தூண்டிவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

தக்காளியைச் சிவப்பாக்கும் பொருளுக்கு லைக்கோபீன் என்று பெயர். பப்பாசியின் சிவப்பிலும், கொய்யாவின் உட்சிவப்பிலும், வத்தகப்பழத்திலும் அதுதான் இருக்கிறது. நாம் சாப்பிடும் லைக்கோபீன் இரத்தத்தில் கலந்து அந்தப் புரொஸ்டேட் சுரப்பியிலேயே போய்த் தங்குகிறது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களின் கவனம் தக்காளி மீது விழுந்தது. உள்ளி, வெங்காயம், லீக்ஸ் ஆகியவற்றின் மணத்துக்கும் கந்தகப் பொருட்களே காரணம்.

ஆய்வுகள் சொன்னவை

ஜப்பானில் இந்தப் புற்றுநோய் குறைவாக இருந்தது. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜப்பானியர்களிடம் அது கூடியதை 1968இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே இரத்தம், வேறு நாடு, வேறு சாப்பாடு. அப்படியானால் சாப்பாட்டில் ஏதோ இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்கள்.

1995இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியோவனூச்சியும் அவருடைய குழுவினரும் 47,000க்கு மேற்பட்ட ஆண்களின் சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்து எழுதினார்கள். வாரத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் தக்காளி உணவு சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இந்நோய் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாற்றில் நகர ஆய்வொன்று, கோவாக் குடும்பத்து மரக்கறியை வாரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து 41 சதவீதம் குறைவு என்று சொன்னது. 2002இல் சீனாவின் ஷங்காய் நகரில் 238 நோயாளிகளையும் நோயில்லாத 471 பேரையும் ஒப்பிட்டார்கள். வெங்காயம், உள்ளி வகைகளை நாளொன்றுக்குப் பத்துக் கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து பாதியளவாக இருந்தது.

இதையெல்லாம் கேட்டவுடன் மனதுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எங்கள் மலையில் மழை நாளில் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பார்கள். படங்கு கட்டும் நாட்களில்தான் அட்டைக் கடியும் அதிகம். அதற்காகப் படங்குதான் அட்டையைக் கொண்டு வருகிறது என்று யாராவது சொல்வார்களா? இரண்டுக்கும் காரணம் மழை. அதைப்போல, மரக்கறி நிறையச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை, உடம்பைக் கவனிக்கிறார்கள், வேளைக்கு வைத்தியரிடம் போகிறார்கள். நோய் குறைந்தது மரக்கறியாலா, மற்றவற்றாலா என்பதை இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளால் மட்டும் சொல்லிவிட முடியாது.

அதனால் வேறொரு வழியில் சோதித்தார்கள். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொடுத்து, மறு பகுதியினருக்குக் கொடுக்காமல் பார்ப்பது அந்த வழி. ஆரம்ப நிலையில் புரொஸ்டேட் புற்றுநோய் இருந்த 478 ஆண்களை அமெரிக்காவில் இப்படிப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரை நாளொன்றுக்கு ஏழு பங்கு மரக்கறி சாப்பிடும்படி ஊக்குவித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020இல் முடிவு வெளிவந்தது. மரக்கறி கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நோய் முற்றுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியமும் 2007இல் தக்காளி போன்ற லைக்கோபீன் உள்ள உணவுகள் இந்நோயிலிருந்து காப்பது சாத்தியம் என்று எழுதியிருந்தது. 2014இல் புதிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த பிறகு, உறுதியாகச் சொல்வதற்குச் சான்று போதாது என்று மாற்றி எழுதியது.

எங்கள் தேயிலைக்கும் இதே கதைதான். 2006இல் இத்தாலியில், புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் காணப்பட்ட 60 ஆண்களில் பாதிப் பேருக்குப் பச்சைத் தேயிலைச் சத்துக் கொடுத்தார்கள். ஓராண்டில் தேயிலைச் சத்து எடுத்தவர்களில் ஒருவருக்கும், மற்றப் பகுதியில் ஒன்பது பேருக்கும் புற்றுநோய் காணப்பட்டது. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2015இல் அமெரிக்காவில் 97 பேரிடம் செய்த சோதனையில் அப்படித் தெளிவான பலன் காணப்படவில்லை. நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலையைத் தொழிற்சாலையில் புளிக்க வைக்கும்போது அந்தச் சத்தின் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகிறது. ஆகவே தேத்தண்ணியை மருந்தென்று எண்ணிக் குடிக்க வேண்டாம். சீனியைக் குறைத்துக்கொண்டு களைப்புக்குக் குடியுங்கள், அது போதும்.

குளிசை விற்பவர்கள்

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறேன்.

என் பெரியம்மாவின் மகள் குடும்பம் 1977 வன்செயலுக்குப் பிறகு எங்கள் லயத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியது. அதன் பிறகு எத்தனை இடம்பெயர்வுகள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இல் அக்கா தன் மூத்த மகனை இழந்தாள். வீட்டில் மிஞ்சியது அவளும் அத்தானும்தான். சில ஆண்டுகளுக்கு முன் அத்தானுக்குச் சிறுநீர் போவதில் கஷ்டம் வந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மேலும் சோதிக்க வேண்டும், திரும்ப வாருங்கள் என்று திகதி கொடுத்தார்கள். அதற்குள் ஒருவர் வீடு தேடி வந்தார். தக்காளிச் சத்தும் புரோக்கோலிச் சத்தும் உள்ள கப்சூல் இது, வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது, இதைச் சாப்பிட்டால் வெட்டும் வேண்டாம் கொத்தும் வேண்டாம் என்றார். அக்கா தோட்டை அடகு வைத்து மூன்று மாதத்துக்கு வாங்கினாள். கிளினிக் திகதி போய்விட்டது. பிறகு அத்தானுக்கு நாரி வலி வந்து எழும்பி நடக்க முடியாமல் போனபோதுதான் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நோய் எலும்புக்குப் போயிருந்தது.

அத்தான் இன்னும் இருக்கிறார். ஆண் ஹோர்மோனைக் கட்டுப்படுத்தும் ஊசி போடுகிறார்கள். வலி குறைந்து முற்றத்தில் நடக்கிறார். ஆனால் முதல் திகதிக்கே போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அக்கா சொல்லும்போது பதில் சொல்ல எனக்கு வார்த்தை வருவதில்லை. நம்மைப் போன்றவர்கள் நிறைய இழந்தவர்கள். இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு நமக்கு உண்டு. அந்தத் தவிப்பைத்தான் இப்படிப்பட்டவர்கள் விலை பேசுகிறார்கள்.

குளிசையைப் பற்றி ஒரு உண்மைக் கதையைக் கேளுங்கள். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் 29,000க்கு மேற்பட்ட ஆண்களிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. 1994இல் வந்த அதன் முடிவில், விற்றமின் ஈ குளிசை எடுத்தவர்களுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் குறைந்திருந்தது. அப்படியானால் எல்லோருக்கும் கொடுக்கலாமா என்று பார்க்க, அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து 2001இல் வேறொரு சோதனை தொடங்கியது. பலன் எதுவும் தெரியாததால் 2008இல் குளிசைகளை நிறுத்தினார்கள். 2011இல் மீண்டும் கணக்குப் பார்த்தபோது, விற்றமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் 17 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. பின்லாந்துச் சோதனையிலேயே கரட்டின் மஞ்சள் சத்தைக் குளிசையாக எடுத்த புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. கரட் சாப்பிடுவது நல்லது. அதிலுள்ள ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அளவுக்கு மேல் கொடுத்தால் அதே நன்மை கிடைக்கும் என்று நினைத்துவிட முடியாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

அப்படியானால் மரக்கறி வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். இருதயத்துக்கும், நீரிழிவுக்கும், மலச்சிக்கலுக்கும், உடம்பு பருக்காமல் இருப்பதற்கும் மரக்கறி உதவும். புரொஸ்டேட்டுக்கும் ஏதாவது நன்மை கிடைத்தால் அது கூடுதல் இலாபம். காசு செலவில்லாமல் அதிலுள்ள சத்தைக் காப்பாற்றிச் சமைக்கச் சில வழிகள் இவை:

கோவாவையும் ராபுவையும் முதலில் நன்றாகக் கழுவுங்கள். மேல் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவினால் அடித்த மருந்தில் ஒரு பகுதியாவது போகும். கழுவிய பிறகு நறுக்கி, அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். அந்த நேரத்தில்தான் நான் முன்னர் சொன்ன இரண்டு பொருட்களும் கலக்கும். பிறகு குறைந்த நேரம் வதக்கி இறக்குங்கள். நிறையத் தண்ணீர் விட்டு அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் சத்தும் தண்ணீரோடு போய்விடும்.

அவித்துத்தான் சாப்பிட வேண்டுமென்றால், இறக்கிய பின் ஒரு சிட்டிகை பச்சைக் கடுகுத் தூளைத் தூவுங்கள். அவிந்த மரக்கறியில் அழிந்துபோன நொதியம் கடுகில் இருக்கிறது. இங்கிலாந்தில் 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 12 பேருக்கு அவித்த புரோக்கோலியைக் கடுகுத் தூளோடு கொடுத்தபோது, சல்போரபேன் உடம்பில் சேர்ந்த அளவு நான்கு மடங்குக்கு மேல் கூடியது. எண்ணெயில் வெடித்த கடுகுக்கு இந்தக் குணம் இல்லை.

தக்காளியைப் பச்சையாகச் சாப்பிடுவதைவிட, நன்றாக வேகவைத்துக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்தால் லைக்கோபீன் உடம்பில் நன்றாகச் சேரும். நம் தக்காளிக் குழம்பே அதற்குப் போதும். கப்சூல் எதற்கு?

கோவா விலை ஏறும் காலத்தில் முருங்கையிலையை மறந்துவிடாதீர்கள். முருங்கையிலும் கோவாவில் உள்ளதைப் போன்ற காரப் பொருட்கள் உண்டு. மலையில் எங்களுக்கு முருங்கை அரிது. உங்களுக்கோ அது வேலியிலேயே நிற்கிறது. ராபுக் கிழங்கை வாங்கும்போது அதன் இலையைச் சந்தையிலேயே முறித்துப் போட்டுவிடாமல் கொண்டுவந்து சுண்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை எடுப்பவர்கள் கீரையையும் கோவாவையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் தக்காளி, கீரை அளவைக் கிளினிக்கில் கேட்டே தீர்மானிக்க வேண்டும். வவுனியாப் பக்கத்துச் சகோதரிகள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை

ஆண்கள் இந்தத் தொல்லையை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். என் மாமனாருக்கு எழுபது வயது இருக்கும்போது, இரவில் நாலைந்து தடவை எழுந்து மழையில் வெளியே போய் வருவார். டோச் லைட்டுக்கு அடிக்கடி பற்றரி முடிவதைக் கண்டுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மாமியிடம் சொல்லிக் கேட்கச் சொன்னேன். "வயசானா அப்படித்தான், யாருக்குத்தான் இல்ல" என்றார். மாமி விடவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அவருக்கு வெறும் வீக்கம்தான். குளிசை கொடுத்தார்கள், இரவில் தூங்குகிறார். போய்ப் பார்த்ததால்தான் புற்றுநோய் இல்லை என்பதும் தெரிந்தது.

ஐம்பது வயது கடந்த ஆண்களிடம் இவற்றைக் கவனியுங்கள்: இரவில் பல தடவை சிறுநீருக்கு எழும்புவது, சிறுநீர் தொடங்கச் சுணங்குவது, நூலாகவோ சொட்டுச் சொட்டாகவோ போவது, சிறுநீரில் இரத்தம், காரணமில்லாமல் நாரியிலும் இடுப்பிலும் விடாத வலி. இவற்றில் எது இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆரம்பப் புற்றுநோய் எந்த அறிகுறியும் காட்டாமலும் இருக்கலாம். ஆகவே தகப்பனுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால், நாற்பத்தைந்து வயதிலேயே வைத்தியரிடம் சொல்லி ஆலோசனை கேட்பது நல்லது.

வைத்தியர் விரலால் தொட்டுப் பார்ப்பார். பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அந்த அளவு கூடினால் உடனே புற்றுநோய் என்று அழ வேண்டாம். வீக்கத்தாலும் கிருமியாலும் கூட அது கூடும். நோய்தான் என்று தெரிந்தாலும் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் கண்டி, தெல்லிப்பழை, மட்டக்களப்பு வைத்தியசாலைகளிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு, அவர் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். யாராவது சத்துக் கப்சூல் விற்க வந்தால், இதைக் கிளினிக்கில் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே பலர் திரும்பிப் போய்விடுவார்கள்.

நமக்கு முப்பத்தைந்து வயதில் வெல் வுமன் கிளினிக்குக்கு வரும்படி மருத்துவிச்சி அம்மா வீடு தேடி வந்து சொல்கிறார். நம் வீட்டு ஆண்களுக்கு அப்படிச் சொல்லும் ஆள் நாமாகத்தான் இருக்க வேண்டும். இன்று சமைக்கும்போது கோவாவை நறுக்கிக் கொஞ்ச நேரம் வைக்கிறீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரவில் எத்தனை தடவை எழும்புகிறார் என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் வெற்றிலை, புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசுவோம். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வருவது அதுதான். நம் பெண்களும் அதற்குத் தப்பவில்லை. அதுவரை நலமாக இருங்கள்.